எந்தக் கஜானா கொடுத்த பென்ஷன்?

பிரிட்டிஷ் காலனிகளில் ஊர் மாறி ஊர் வேலை பார்த்த அரசு ஊழியர்களைப் பற்றி ஆராய வரும் இளையவர்கள், அவர்கள் எங்கெங்கே இருந்தார்கள் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அவர்களுக்கு எந்தக் கஜானா சம்பளம் கொடுத்தது என்பதையும் தேடுங்கள். பென்ஷன் கணக்கு முழுக்க அதில்தான் அடங்கியிருக்கிறது.

1. பேரரசு ஒன்று, கஜானாக்கள் பல. ஒவ்வொரு காலனிக்கும் தனி வரவுசெலவு, தனி ஓய்வூதியச் சட்டம். 1932இல் நிர்வாக அதிகாரிகளை ஒரே சேவையாக இணைத்த பிறகும், சம்பளமும் பென்ஷனும் அந்தந்தப் பிரதேசத்தின் பொறுப்பாகவே இருந்தன. லண்டனில் காலனிகளின் முகவர்களான கிரௌன் ஏஜென்ட்ஸ் பட்டுவாடா செய்தார்கள் என்பதை வைத்து, பிரிட்டன் கொடுத்தது என்று எழுதிவிடாதீர்கள். பணம் காலனி மக்களின் வரிப்பணம்.

2. வருடத்தை எண்ணாதீர்கள், சம்பளத்தைக் கூட்டுங்கள். புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இரண்டு பிரதேசங்களில் உழைத்தவருக்கு, மொத்தச் சேவையும் ஒரே இடத்தில் நடந்ததாக வைத்து முழுப் பென்ஷனைக் கணக்கிடுவார்கள். பிறகு, அவர் ஒவ்வோர் இடத்திலும் வாங்கிய மொத்தச் சம்பளத்தின் விகிதப்படி அதைப் பிரிப்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: ஒருவர் கோல்ட் கோஸ்டில் 10 வருடம், ஹாங்காங்கில் 15 வருடம் இருந்தார். முதல் இடத்தில் மொத்தம் 5,000 பவுண்டு, அடுத்ததில் 15,000 பவுண்டு வாங்கினார். கடைசிச் சம்பளம் ஆண்டுக்கு 1,200 பவுண்டு. மாதச் சேவைக்கு 600இல் ஒரு பங்கு என்ற விகிதம் இரண்டு இடத்துக்கும் பொது என்று வைத்துக்கொள்வோம். 300 மாதத்துக்குப் பாதிச் சம்பளம், அதாவது 600 பவுண்டு. இதில் ஹாங்காங் 450, கோல்ட் கோஸ்ட் 150. வருடப்படி பிரித்திருந்தால் கோல்ட் கோஸ்டின் பங்கு 240 ஆகியிருக்கும். இளமையில் குறைந்த சம்பளம் கொடுத்த இடத்துக்குச் சுமை குறைவு. பதவி உயர்ந்த பின் வைத்திருந்த இடத்துக்கு அதிகம். பென்ஷன் விகிதம் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால், அந்தந்தச் சட்டத்தைப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

3. மாற்றலா, ராஜினாமாவா என்று பாருங்கள். முறையான ஒப்புதலோடு, சட்டத்தின் அட்டவணையில் உள்ள இன்னோர் அரசுக்குப் போனால்தான் பழைய சேவை தொடரும். ராஜினாமா செய்தால் அறுந்துவிடும். பின்னாளில் எழுத்தாளரான லெனர்ட் வுல்ஃப் 1904இல் அரசு அதிகாரியாக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கி, 1911இல் விடுப்பில் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு வேலையை விட்டார். அப்படி விலகியவர்களைப் பென்ஷன் பட்டியலில் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

4. கையில் வாங்கியதெல்லாம் கணக்கில் சேராது. பென்ஷனுக்குரிய பதவி எது, எந்தப் படி சேரும், எது சேராது என்று சட்டம் சொல்லும். தற்காலிகமாக மேல் பதவி பார்த்தபோது கிடைத்த கூடுதல் தொகையைப் பென்ஷனுக்குரிய சம்பளமாக எண்ணிவிடாதீர்கள்.

5. கவர்னர்களைத் தனியே வையுங்கள். ஹியூ கிளிஃபர்ட் மலாயா, டிரினிடாட், இலங்கை, கோல்ட் கோஸ்ட், நைஜீரியா என்று சுற்றியவர். அவரைப் போன்றவர்கள் கவர்னர் நாற்காலியில் அமர்ந்த காலத்துக்கு, 1911இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய கவர்னர் ஓய்வூதியச் சட்டம் இருந்தது. கீழ்நிலை அதிகாரிகளின் விதியை அங்கே பொருத்தாதீர்கள்.

6. விதவை, அநாதைகள் நிதியைக் கலக்காதீர்கள். அது ஊழியரின் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணம். அவருடைய சொந்தப் பென்ஷனோ அரசு கொடுத்தது. அதைப் பெற முழு உரிமை எவருக்கும் இல்லை என்றே காலனிச் சட்டங்கள் எழுதிவைத்தன. ஒரு குடும்பம் எதை நம்பி வாழ்ந்தது என்று தெரிய, இரண்டையும் தனித்தனியே படிக்க வேண்டும்.

7. கொடி இறங்கிய நாளோடு கோப்பை மூடாதீர்கள். பழைய பென்ஷன் சுமை புதிய அரசுகளின் தலையில் விழுந்தது. பல நாடுகளுடன் ஒப்பந்தம் செய்து, வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரிகளின் பென்ஷன் பொறுப்பைப் பிரிட்டன் ஏற்க வழி செய்தது 1973ஆம் ஆண்டுச் சட்டம். யார், எந்த ஆண்டு வரை கட்டினார்கள் என்பதைக் குறித்துவையுங்கள்.

8. பட்டியலில் இல்லாதவர்களையும் தேடுங்கள். மலாயா அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் எழுத்தராக உழைத்து, யாழ்ப்பாணம் திரும்பி, மலாயாவிலிருந்து வந்த பென்ஷனில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் பலர். அதே தண்டவாளத்தைத் தினக்கூலிக்குப் போட்ட தமிழருக்கு அந்தப் பென்ஷன் இல்லை. காலனி அரசுகளின் ஆண்டுப் பதிவேடுகளான நீலப் புத்தகங்களில் ஓய்வூதியர் பெயர்களைப் பார்க்கும்போது, அந்தப் பக்கத்துக்கு வெளியே நின்றவர்களையும் உங்கள் ஆய்வில் எழுதுங்கள். முதுமைக்குச் சோறு யாருக்கு உறுதி, யாருக்கு இல்லை என்று சொல்லாத ஆய்வு பாதி ஆய்வுதான்.