பிறந்த வீடு திரும்பிய பாட்டு

இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது கடமை. இரவல் வாங்கிய பாட்டுக்கு என்ன செய்வது?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், 1959இல் பெர்ரி கோர்டி என்னும் கறுப்பின இளைஞர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுவே மோடவுன். அதன் பாடல்களை இங்கிலாந்தின் லிவர்பூல் இளைஞர்களான பீட்டில்ஸ் குழுவினர் விரும்பிக் கேட்டனர். 1963இல் வெளிவந்த தங்கள் இரண்டாம் இசைத்தட்டில் அவற்றுள் மூன்றைப் பாடினர்.

1964இல் பீட்டில்ஸின் புகழ் அமெரிக்காவெங்கும் பரவியது. அவ்வாண்டே மோடவுனின் சுப்ரீம்ஸ் குழுவைச் சேர்ந்த டயானா ராஸ், மேரி வில்சன், ஃபுளோரன்ஸ் பல்லார்டு ஆகிய மூவரும் 'எ பிட் ஆஃப் லிவர்பூல்' என்ற இசைத்தட்டை அளித்தனர். அதிலுள்ள 11 பாடல்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் குழுக்கள் பாடியவை. ஆனால் இரண்டு, மோடவுனிலேயே பிறந்தவை! அவற்றுள் ஒன்று ஸ்மோக்கி ராபின்சன் எழுதி, பீட்டில்ஸும் பாடியது. கடல் கடந்து புகழ் பெற்று, அது பிறந்த வீட்டுக்கே திரும்பியது.

பாடியவர் பெயர் நிலைக்க, ஆக்கியவர் பெயர் மறைவது எளிது. பீட்டில்ஸ் நன்றி மறக்கவில்லை; மோடவுனில் புகழ் பெற்ற மேரி வெல்ஸை 1964இல் தங்கள் பிரிட்டிஷ் இசைப் பயணத்தில் உடன் பாட அழைத்தனர்.

நாமும் பிறர் பாட்டைப் பாடலாம். பிறர் கருத்தை எடுத்தாளலாம். அது யாருடையது என்று சொல்ல மட்டும் மறவாதிருப்போம்.