சீல் மேல் பழி, அடைப்பு வேறிடம்

15, 20 வருடம் ஓடிய பெட்ரோல் கார். நிறுத்துகிற இடத்தில் ஆயில் சொட்டு. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று புகை. பட்டறையில் தீர்ப்பு ஒரே வரியில் வரும்: "பேக் கம்ப்ரஷன் சார், இன்ஜினை இறக்கணும்." சில வண்டிகளுக்கு அது சரியான தீர்ப்புதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு: கட்டைவிரல் அளவேயான பி.சி.வி. (கிராங்க் கேஸ் காற்றோட்ட) வால்வும், அதோடு சேர்ந்த குழாய்களும். இவற்றைப் பற்றி உலவுகிற நம்பிக்கைகள் பலவும் வண்டிக்காரரின் பணத்தைத்தான் கரைக்கின்றன.

"ரிங் தேய்ந்தால்தான் பேக் கம்ப்ரஷன்"

புத்தம்புது இன்ஜினிலும் உண்டு. பிஸ்டன் ரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருந்தாலும், எரியும்போது கொஞ்சம் வாயு பிஸ்டனைத் தாண்டி நழுவி, கீழே கிராங்க் கேசுக்குள் இறங்கிவிடும். எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, அமிலம் எல்லாம் அதில் கலந்திருக்கும். இதை வெளியேற்றத்தான் இரண்டு குழாய்கள். ஒன்று ஏர் ஃபில்டரிலிருந்து டாப்பட் கவருக்குள் சுத்தமான காற்றைக் கொண்டுவரும். மற்றது உள்ளே தேங்கிய வாயுவை பி.சி.வி. வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு இழுத்துப்போகும். அங்கே அது மறுபடி எரிந்துவிடும். வால்வுக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங், ஒரு முளை, அவ்வளவுதான். ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் உறிஞ்சல் அதிகம் என்பதால் முளை இழுபட்டு வழி குறுகும். ஓட்டத்தில் உறிஞ்சல் குறைய, வழி அகலும். பேக்ஃபயர் அடித்தால் முழுக்க மூடிக்கொண்டு, தீ கிராங்க் கேசுக்குள் போகாமல் காக்கும்.

இந்த வழி ஆயில் பிசினால் அடைத்துக்கொண்டால், விசில் அடைத்த குக்கரின் கதைதான். அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே தள்ளும். டாப்பட் கவர் கேஸ்கெட், கேம் சீல், கியர்பாக்ஸ் பக்கத்து கிராங்க் சீல் என்று ஒவ்வொன்றாகக் கசியும். சில வண்டிகளில் டிப்ஸ்டிக் தானாக எழும்பி நிற்கும். காற்று வரவேண்டிய குழாயில் வாயு எதிர்த்திசையில் போய் ஏர் ஃபில்டரை ஆயிலில் நனைத்துவிடும். தேய்ந்த ரிங்கும் இதே அடையாளங்களைத்தான் காட்டும் என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இரண்டையும் பிரித்துச் சொல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது. ஒரு சிலிண்டரில் அளவு குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங்கில்தான் குறை. எல்லா சிலிண்டரும் நன்றாக இருந்து, ஆயில் மட்டும் கசிந்தால் குழாய்களைக் கழற்றுங்கள்.

"சீல் மாற்றினால் கசிவு நிற்கும்"

நிற்கும், கொஞ்ச நாளைக்கு. கிராங்கின் பின்பக்க சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். சீலின் விலையைவிடக் கூலி பல மடங்கு. உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தால் புது சீலும் அதே வழியில் போகும்.

ஸ்வீடனின் வோல்வோ 240 இதற்கு நல்ல உதாரணம். 1974 முதல் 1993 வரை உற்பத்தியான, எளிதில் சாகாத கார். அதன் பிரீதர் குழாயில், அதாவது கிராங்க் கேஸ் வாயு வெளியேறும் குழாயில், துளைகள் போட்ட சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. பேக்ஃபயர் தீ உள்ளே போகாமல் தடுப்பது அதன் வேலை. அந்தத் துளைகளில் பிசின் படிந்து அடைத்தால் அந்த இன்ஜினின் சீல்கள் கசியத் தொடங்கும். விவரம் தெரிந்த வோல்வோக்காரர்கள் ஆயில் சொட்டைக் கண்டதும் முதலில் கையை நீட்டுவது இந்தத் துண்டை நோக்கித்தான், சீலை நோக்கி அல்ல.

"ஆட்டிப் பார்த்தேன், சத்தம் வருது, வால்வு நல்லாத்தான் இருக்கு"

சத்தம் வந்தால் முளை ஒட்டிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா, குழாய் அடைத்திருக்கிறதா என்று ஆட்டலில் எப்படித் தெரியும்? சத்தமே வராவிட்டால் வால்வு போய்விட்டது. அந்த மட்டில் இந்தச் சோதனை உதவும்.

ஓடுகிற இன்ஜினில் சோதிப்பதே மேல். வால்வை டாப்பட் கவரிலிருந்து உருவி, ஐடிலிங்கில் அதன் வாயை விரலால் மூடுங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் வால்விலோ குழாயிலோ மேனிஃபோல்டு துளையிலோ அடைப்பு. அடுத்து வால்வைத் திரும்பப் பொருத்தி, காற்று வரும் குழாயை டாப்பட் கவரிலிருந்து கழற்றி, அந்தத் துளைமேல் ஒரு காகிதத்தை வையுங்கள். சிறிது நேரத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டால் உறிஞ்சல் சரி. தள்ளிவிட்டால் உள்ளே அழுத்தம். வெறுமனே மூடியைத் திறந்து புகையைப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. மூடி திறந்திருக்கையில் நல்ல இன்ஜினும் லேசாகப் புகையும்.

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது கசிவு இருக்காது. ஐடிலிங் ஆட்டம் காணும். ஆயில் உறிஞ்சப்பட்டு சைலன்சரில் நீலப்புகை வரும். இதையும் ரிங் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

"அது புகைக் கட்டுப்பாட்டுக்கு வைத்தது, கழற்றிவிட்டால் இன்ஜினுக்கு நல்லது"

பாதி உண்மை. 1961இல் கலிஃபோர்னியா மாநிலம் கட்டாயமாக்கிய பி.சி.வி.தான் அமெரிக்கக் கார்களில் வந்த முதல் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவி. லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்தில் கார்களுக்குப் பங்கு உண்டு என்று ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் நிறுவியதன் தொடர்ச்சி அது. கட்டுப்பாடு இல்லாத காரிலிருந்து வெளியேறிய ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிராங்க் கேஸ் வழியாகவே வந்தது.

ஆனால் அதற்கு முன்பும் இந்த வாயுவை யாரும் உள்ளே விட்டுவைக்கவில்லை. சாலையை நோக்கி இறங்கும் ஒரு குழாய் இருந்தது. வண்டி ஓடும்போது அடியில் போகும் காற்று அதை உறிஞ்சும். சிக்னலில் நின்றால் உறிஞ்சல் இல்லை, ஈரமும் அமிலமும் ஆயிலிலேயே தங்கிவிடும். பிரீதர் பைப்பைக் கழற்றிக் கீழே தொங்கவிடுகிறவர்கள் வண்டியை அந்தக் காலத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். நம் ஊர் நெரிசலில் அது இன்ஜினுக்கு நல்லதாக இருக்க வாய்ப்பே இல்லை.

"மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி இருந்தால் ஹெட் கேஸ்கெட் போச்சு"

அவசரப்படாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் சிறு பங்கு கிராங்க் கேசுக்குள் இறங்கி, இன்ஜின் நன்றாகச் சூடாகும் முன்பே நிறுத்தப்படும் வண்டியில் ஆயிலோடு கலந்து படிகிறது. ஊட்டியில் காய்கறிக் கடைவரை மட்டும் போய்வரும் காருக்கு இது சகஜம். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் போல இல்லை என்றால், முதலில் பிரீதர் குழாயைப் பாருங்கள்.

"எல்லாவற்றையும் பெட்ரோலில் ஊறப்போட்டால் போதும்"

உலோக வால்வை கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயால் கழுவலாம், ஆறிய இன்ஜினில், நெருப்புக்கு எட்டாமல். ரப்பர் குழாயை பெட்ரோலில் போட்டால் உப்பிக் கெடும். சோப்புத் தண்ணீரும் நீள பிரஷும் போதும், ஈரம் போகக் காயவைத்துப் பூட்டுங்கள். பிழிந்தால் நொறுங்கும் குழாயையும், ஆயிலில் ஊறித் தொளதொளத்த குழாயையும் கழுவிப் பயனில்லை. பின்னது உறிஞ்சலில் தட்டையாகி வழியை அடைத்துவிடும். பெரும்பாலோர் தவறவிடுவது, குழாய் மேனிஃபோல்டில் சேரும் துளை. கரி இறுகி ஊசி நுழையும் அளவுக்குக் குறுகியிருக்கும்; அதைச் சுரண்டாமல் வால்வை எத்தனை முறை கழுவினாலும் பலன் இராது. சுரண்டிய கரி உள்ளே விழாமல் துணியை அணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்கால வண்டிகள் சிலவற்றில் வால்வுக்குப் பதிலாக மெல்லிய டயஃப்ரம் இருக்கும். ஸ்ப்ரே பட்டால் அது கெடும். கிழிந்தால் மாற்றத்தான் வேண்டும். புது வால்வு வாங்கினால் அதே இன்ஜினுக்கு உரியதாக இருக்கட்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஸ்பிரிங்கின் பலம் வேறு.

"இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றினால் இதுவும் சுத்தமாகிவிடும்"

ஃப்ளஷ் ஆயிலோடு சுற்றும். இந்தக் குழாய்களில் போவது ஆவி. அதோடு, பல வருடச் சகதி ஒரேயடியாகப் பெயர்ந்தால் சம்ப்பில் இருக்கும் சல்லடையை அடைத்து ஆயில் பிரஷரையே குறைத்துவிடக்கூடும்.

டீசல்காரர்கள் மேலே சொன்ன விரல் சோதனையைத் தங்கள் வண்டியில் செய்து கலங்க வேண்டாம். பழைய டீசல்களில் பொதுவாகத் த்ராட்டில் கிடையாது, அதனால் மேனிஃபோல்டில் உறிஞ்சலும் பெரிதாக இராது. மூடியில் லேசான புகை அங்கே இயல்பு.

"அடைப்பு எடுத்த அன்றே கசிவு நிற்கும்"

எல்லாம் நிற்காது. அழுத்தத்தால் மட்டும் கசிந்த சீல் தேறிவிடும். வயதாகி இறுகிப்போனது தேறாது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அளவுக்கோட்டைத் தாண்டாமல் ஊற்றி, இன்ஜினின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவையுங்கள். காலையில் சொட்டு எந்த இடத்துக்கு நேராக விழுந்திருக்கிறதோ, அந்த ஒரு சீலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.