லீவர் மெல்ல இறங்கினால்: பழைய பைக்கின் இரண்டு மாஸ்ரர் சிலிண்டர்கள்

இந்தக் கிழமை பொட்காஸ்ரில் பழைய மோட்டார் சைக்கிளின் பிறேக், கிளச் மாஸ்ரர் சிலிண்டர்களை மாத்துறதைப் பற்றிக் கதைச்சன். கை முழுக்க பிறேக் ஓயிலோட நிண்டுகொண்டு போனைத் தடவி "அந்த இடம் எங்க?" எண்டு பின்னுக்குத் தேடுறது சிரமம். அதால அதே பாடத்தை எழுத்திலயும் தாறன், கொஞ்சம் விரிவா.

உதாரணத்துக்கு எடுத்தது என்ர சித்தப்பாவின் மகன் மார்கழியில வாங்கின 1994 ஹொண்டா விஎஃப்ஆர் 750. எஞ்சினில ஒரு குறையும் இல்லை. பிரச்சினை கைப்பிடியில. முன் பிறேக்கைப் பிடிச்சால் முதல்ல இறுக்கமா நிக்குது. லேசா அமத்தினபடியே இருபது எண்ணினால் லீவர் மெல்ல மெல்ல இறங்கி விரலைக் கைப்பிடியோட நசிக்குது. வெளியில ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. இடப்பக்கம் கிளச் லீவருக்குப் பக்கத்தில இருக்கிற றப்பர் உறையை விலத்திப் பார்த்தால் ஈரம். சித்திரை முடியுறதுக்குள்ள ரொறன்ரோ றோட்டில இறங்கோணும் எண்டு அவனுக்கு அவசரம். "ஓயிலை மட்டும் மாத்தினால் காணாதோ அண்ணா?" எண்டு கேட்டான். காணாது. ஏன் எண்டு விளங்கினால்தான் மிச்ச வேலையும் விளங்கும்.

அப்பாமார் யாழ்ப்பாணத்தில ஓடின எம்.டி. 90 எல்லாம் ட்ரம் பிறேக், இழுக்கிறது கம்பி. அவையிட்டக் கேட்டால் "கம்பியை இறுக்கு" எண்டுதான் சொல்லுவினம், அவையிட பைக்குக்கு அது சரியான பதில். இதில கம்பி இல்லை. லீவர் ஒரு சின்னப் பிஸ்ரனைத் தள்ளும், பிஸ்ரன் திரவத்தைத் தள்ளும், திரவம் கீழ இருக்கிற கலிப்பரைத் தள்ளும். திரவத்தை நசுக்க ஏலாது. மூடின பாத்திரத்தில ஒரு இடத்தில குடுக்கிற அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவாப் போகும். 17ஆம் நூற்றாண்டில பாஸ்கல் சொன்ன இந்த விசயத்தைத்தான் இப்பவும் கையில பிடிச்சுக்கொண்டு ஓடுறம்.

அந்தப் பிஸ்ரனில ரெண்டு றப்பர் வளையம் இருக்கு. முன்னுக்கு இருக்கிறது அழுத்தத்தைத் தாங்குறது. பின்னுக்கு இருக்கிறது ஓயில் வெளியில வராமல் மறிக்கிறது. முன் வளையம் தேய்ஞ்சால் ஓயில் அதைத் தாண்டி திரும்ப மேல் கிண்ணத்துக்கே போயிடும். வெளியில ஒழுகாது, ஆனால் லீவர் இறங்கும். தம்பியின்ர பிறேக்கில நடந்தது இதுதான். பலமா அமத்தினால் வளையம் விரிஞ்சு பிடிச்சுக்கொள்ளும், அதால கடையில ஒருக்கா இறுக்கிப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரி போலத் தெரியும். சிவப்பு விளக்கில லேசாப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கதான் காட்டிக் குடுக்கும். பின் வளையம் போனால் உறைக்குள்ள ஈரம். அது அவன்ர கிளச்.

கிண்ணத்தின்ர அடியில ரெண்டு ஓட்டை இருக்கும். பெரிசு எல்லாருக்கும் தெரியும். மற்றது ஊசி முனை அளவு, பழைய ஓயில் கட்டியாகி அதை அடைச்சுப்போடும். என்னைக் கேட்டால் முழு பைக்கிலயும் ஆபத்தான ஓட்டை அதுதான். பிறேக் பிடிக்கப் பிடிக்க ஓயில் சூடாகி விரியும். விரிஞ்சது திரும்பி வாற வழி அந்தச் சின்ன ஓட்டை. வழி அடைபட்டால் நீங்கள் லீவரை விட்டாலும் பிறேக் விடாது, இன்னும் சூடாகும், இன்னும் இறுகும், கடைசியில முன் சில்லு ஓட்டத்திலயே பூட்டிக்கொள்ளும். கிளச்சில அதே அடைப்பு வந்தால் கிளச் வழுக்கும். மூடியைத் திறந்து லீவரை மெல்லத் தொட்டால் அந்த ஓட்டையால குட்டி ஊற்று ஒண்டு எழும்போணும். கண்ணை மட்டும் தூரத்தில வைச்சிருங்கோ.

ஓயில் ஏன் இப்பிடிக் கெடுது? டொட் 4 காற்றில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புதுசா இருக்கேக்க அதின்ர கொதிநிலை குறைஞ்சது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறினதுக்கான தர அளவு வெறும் 155. கார்த்திகையில மூடி வைச்சு சித்திரையில எடுக்கிற எங்கட பைக்குகள் சும்மா நிண்டே பழசாகும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. டொட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கோன், மற்றதுகளோட சேராது. பேர் கிட்டவா இருந்தாலும் டொட் 5.1 வேற சாமான்.

இனி முடிவு: றப்பர் கிற் போடுறதோ, முழுசா மாத்துறதோ? உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் கிற் போதும். நகத்தில தட்டுப்படுற அளவுக்குக் குழி விழுந்திருந்தால் முழுசா மாத்துங்கோ. அலுமினியச் சுவரை உரஞ்சித் தேய்ச்சு காப்பாற்றப் பார்க்கிறது வீண் வேலை, மேல்பூச்சு போனால் புது றப்பரையும் அது தின்னும். தம்பியின்ர ரெண்டிலயும் குழி இருந்தது.

புதுசு வாங்கேக்க உடம்பில வார்த்திருக்கிற எண்ணைப் பாருங்கோ: 14, 1/2, 5/8 எண்டு இருக்கும். அது பிஸ்ரனின்ர விட்டம், முதலாவது மில்லிமீற்றரில, மற்றது ரெண்டும் அங்குலத்தில. 1/2 இருந்த இடத்தில 5/8 போட்டால் பரப்பளவு 1.56 மடங்கு. அதே அழுத்தத்துக்கு நீங்கள் 56 வீதம் கூடப் பலம் குடுக்கோணும். லீவர் மரக்கட்டை மாதிரி இறுக்கமாத் தெரியும், "சூப்பர் பிறேக்" எண்டு நினைப்பியள், ஆனால் அவசரத்துக்கு நிக்காது. கிளச்சில சின்னன் போட்டால் லீவர் மெதுவா இருக்கும், ஆனால் போற ஓயில் காணாமல் கிளச் முழுசா விடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கெண்டு பிறேக்கினதைக் கிளச்சுக்குப் பூட்டாதேங்கோ. பழசில என்ன எண் இருந்ததோ அதையே வாங்குங்கோ. மலிவு நகல்கள் வேண்டாம், இந்த ஒரு இடத்தில காசு பார்க்காதேங்கோ.

வேலைக்கு வருவம். டாங்கையும் முன் கவசத்தையும் தடிச்ச துணியால மூடுங்கோ, பக்கத்தில ஒரு வாளி தண்ணி. பிறேக் ஓயில் பெயின்ரைத் தின்னும், சிந்தினால் துடைக்கிறதை விட உடன கழுவுறதுதான் சரி. கிண்ண மூடியில இருக்கிறது ஜப்பான் வகை ஸ்குறூ. சாதாரண பிலிப்ஸ் ஸ்குறூடிறைவர் அதின்ர தலையைச் சிதைக்கும், ஜேஐஎஸ் ஒண்டு வாங்கி வையுங்கோ. சிறிஞ்சால பழைய ஓயிலை உறிஞ்சி எடுத்திட்டு ஹோஸ் போல்ற்றைக் கழட்டுங்கோ. அதின்ர ரெண்டு பக்கமும் இருக்கிற வோஷர்களைத் திரும்பப் பாவிக்கக் கூடாது, ஒருக்கா நசிஞ்சால் அதின்ர வேலை முடிஞ்சுது. புது சிலிண்டரைப் பூட்டேக்க பிடியில இருக்கிற 'அப்' எழுத்து மேல பார்க்கோணும். மேல் போல்ற்றை முதல்ல இறுக்கி, பிறகு கீழ் போல்ற். எவ்வளவு இறுக்கிறது எண்டதை உங்கட மொடலுக்கான சர்வீஸ் புத்தகத்தில பார்த்து ரோர்க் றெஞ்சால செய்யுங்கோ. றப்பரில பெற்றோலிய கிறீஸ் படவே கூடாது, ஊதிப்போகும்.

அடுத்தது காற்று எடுக்கிறது, பொறுமை போற இடம். ஹோஸைப் பூட்ட முதல் கிண்ணத்தை நிரப்பி, வாயை விரலால மூடி, பிஸ்ரனை மெல்லத் தள்ளி, விரலடியில குமிழி வாறது நிக்கும் வரை விடுங்கோ. பிறகு ஹோஸ். பிறகு கீழ கலிப்பர் நிப்பிளில ரியூப்: லீவரைப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, லீவரை விடு. இந்த ஒழுங்கு மாறினால் காற்றைத் திரும்ப உள்ள இழுப்பியள். கிண்ணம் வெறுமையாக விட்டால் தொடக்கத்தில இருந்து வரோணும். எல்லாம் செய்தும் லீவர் பஞ்சு மாதிரி இருந்தால் கடைசிக் குமிழி பெரும்பாலும் மேல ஹோஸ் போல்ற்றடியிலதான். துணி சுத்தி, லீவரைப் பிடிச்சபடி அதைக் கால் சுற்று இளக்கி, லீவரை விட முதல் இறுக்குங்கோ.

கிளச்சின்ர நிப்பிள் எஞ்சினின்ர இடப்பக்கம், முன் பற்சில்லுக்கு அருகில. சங்கிலிச் சேறு அங்க மலை மாதிரி இருக்கும், முதல்ல துடைச்செடுங்கோ. அங்கயும் ஈரம் இருந்தால் கீழ் சிலிண்டரின்ர றப்பரையும் அதே நாளில மாத்துங்கோ. பழைய மாஸ்ரரோட சமாளிச்ச றப்பர், புது மாஸ்ரர் வந்தாப் பிறகு விட்டுக்குடுக்கிறது வழக்கம்.

ஓட முதல்: லீவரைக் கட்டி ஒரு ராத்திரி விட்டு, காலையில எல்லா மூட்டையும் ரிஷுவால தொட்டு ஈரம் பாருங்கோ. முன் சில்லைத் தூக்கிச் சுத்தினால் சுதந்திரமாச் சுத்தோணும், பிடிச்சால் உடன நிக்கோணும், விட்டால் திரும்பச் சுத்தோணும். பிறேக் விளக்கு எரியுதோ எண்டும் பாருங்கோ, சுவிட்ச் இந்தச் சிலிண்டரிலதான் இருக்கு. எஞ்சினை நிப்பாட்டி, முதல் கியரில கிளச்சைப் பிடிச்சுத் தள்ளினால் பைக் உருளோணும். பிறகு வெறும் பார்க்கிங் இடத்தில நடக்கிற வேகத்தில பத்துத் தரம் நிப்பாட்டிப் பழகுங்கோ. சூடானாப் பிறகு சில்லை இன்னொருக்கா சுத்திப் பாருங்கோ. முதல் தரம் செய்யிறியள் எண்டால் தெரிஞ்ச ஒரு ஆளைப் பக்கத்தில வைச்சுச் செய்யுங்கோ. ஏபிஎஸ் இருக்கிற பைக்குக்கு இது பொருந்தாது, அதுக்கு வேற ஒரு எபிசோட் வரும்.

பழைய ஓயிலை வடிகானில ஊத்தாமல் போத்தலில அடைச்சு நகரசபையின்ர அபாயக் கழிவு எடுக்கிற இடத்தில குடுங்கோ. திறந்து மிஞ்சின புது ஓயிலையும் அதோடயே குடுங்கோ, அடுத்த வருசம் மட்டும் வைச்சிருக்காதேங்கோ.