சி.டி. ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா?

● நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடலில் படும் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட். தலை சி.டி.யில் சுமார் 2, வயிற்று சி.டி.யில் 8 முதல் 10 வரை. இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம்மீது படுகிறது.

● இந்தக் கதிர்கள் செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தலாம். பெரும்பாலானவற்றை உடலே சரிசெய்துவிடும். இதனால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியது. குழந்தைகளுக்குச் சற்றுக் கூடுதல். எனவே, பிள்ளையின் வயது, எடைக்கேற்பக் கதிர்வீச்சின் அளவைக் குறைப்பார்களா என்று கேளுங்கள்.

● அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் இந்தக் கதிர்வீச்சு இல்லை. அவை போதுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

● பழைய ஃபிலிம், ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். எடுத்ததையே திரும்ப எடுப்பது தவிரும்.

● கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

● கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதென்றால் அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவது ஆகியவற்றை மறைக்காதீர்கள். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவுவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம்.

● தலை ஸ்கேன் என்றால் தோடு, மூக்குத்தி, ஹேர்பின்னைக் கழற்றிவிடுங்கள். உலோகம் இருந்தால் படத்தில் கோடு விழும். மூச்சை அடக்கச் சொல்லும்போது அசையாதீர்கள்.

● ஸ்கேன் முடிந்ததும் உடலில் கதிர்வீச்சு தங்காது. வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

● தலையில் பலத்த அடி, பக்கவாத அறிகுறி என்றால் கதிர்வீச்சுக்குப் பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.