விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?
ஏஜென்சியிடம் ஆன்லைன் விளம்பரத்தை ஒப்படைக்கும் வணிகர்களுக்கு ஒரு பாடம்

வணிகப் பெருமக்களுக்குக் கணக்கு எழுதும் முறையை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. சரக்கு வந்த கணக்கு, போன கணக்கு, கடன் கொடுத்த கணக்கு என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஏடு உண்டு. ஆனால் சில ஆண்டுகளாக நம் செலவுப் பக்கத்தில் புதிதாக ஓர் இனம் ஏறியிருக்கிறது. அது ஆன்லைன் விளம்பரச் செலவு. கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவரும், பரவையில் வீடு தேடி மளிகை அனுப்பும் சிறு கடைக்காரரும் இன்று கூகுளிலோ, பேஸ்புக்கிலோ, இன்ஸ்டாகிராமிலோ விளம்பரம் கொடுக்கிறார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதாத நிலையில், இந்த வேலையை ஒரு ஏஜென்சியிடம் ஒப்படைத்துவிட்டு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். இந்த ஒரு கணக்கின் ஏடு மட்டும் பல கடைகளில் முதலாளியின் கையில் இல்லை.

இப்படி ஏடு கையில் இல்லாமல் இருந்தால் என்ன நஷ்டம், ஒரு ஏஜென்சி பல கடைகளின் கணக்குகளை எப்படி வைத்திருக்க வேண்டும், நாம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஒரு மண்டி, பல பேரேடு

பரவை காய்கறி மார்க்கெட்டின் கமிஷன் மண்டியை எடுத்துக்கொள்வோம். ஒரே இரவில் பல ஊர்களிலிருந்து பல விவசாயிகளின் சரக்கு வந்து இறங்குகிறது. விற்பவர் ஒரே மண்டிக்காரர்தான். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தனிச் சிட்டை, தனிப் பக்கம். ஒருவருடைய தக்காளி விற்ற பணத்தை மற்றொருவர் பக்கத்தில் வரவு வைத்தால் அந்த மண்டியின் நாணயம் அன்றோடு போய்விடும்.

விளம்பர ஏஜென்சியின் வேலையும் இதே போன்றதுதான். கூகுள் நிறுவனம் தன் விளம்பரச் சேவையை 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2018இல் அது கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறியது. அதில் ஒவ்வொரு விளம்பரதாரரின் கணக்குக்கும் 10 இலக்க எண் ஒன்று உண்டு. பல கடைகளுக்கு வேலை செய்யும் ஏஜென்சிகளுக்காக 'மேனேஜர் அக்கவுண்ட்' என்ற தாய்க்கணக்கு இருக்கிறது. ஏஜென்சி தன் தாய்க்கணக்கிலிருந்து நம் எண்ணுக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பும். நாம் ஏற்றுக்கொண்டால் அவர்கள் ஒரே இடத்தில் இருந்துகொண்டு நம் கணக்கையும் மற்றவர் கணக்கையும் தனித்தனியே பார்த்து வேலை செய்யலாம். நம் பாஸ்வேர்டை அவர்களுக்குத் தர வேண்டிய அவசியமே இல்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்திலும் இது போலவே, நம் பிசினஸ் கணக்கை நாம் வைத்துக்கொண்டு, ஏஜென்சியைப் 'பார்ட்னர்' என்று சேர்த்து அனுமதி கொடுக்கும் வசதி உண்டு.

ஒரே கணக்கில் பல கடைகளின் விளம்பரங்களைக் கலந்து நடத்தக்கூடாது, ஒவ்வொரு விளம்பரதாரருக்கும் தனிக் கணக்கு வேண்டும் என்பது ஏஜென்சிகளுக்குக் கூகுள் விதித்துள்ள நிபந்தனை. வேலைச் சுமையைக் குறைக்க நினைக்கும் சிலர் எல்லாக் கடைகளையும் ஒரே கணக்கில் போட்டுவிடுவதுண்டு. இதனால் வரும் ஆபத்து பெரியது. அந்தக் கணக்கில் இருக்கும் வேறு ஒருவர் விதி மீறிய விளம்பரம் கொடுத்துக் கணக்கு முடக்கப்பட்டால், ஒரு தவறும் செய்யாத நம் கடை விளம்பரமும் சேர்ந்தே நின்றுவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இப்படி நடந்தால் அந்த நஷ்டத்தை யாரிடம் கேட்பது?

கணக்கு நம் பெயரில் இருக்க வேண்டும்

இந்தப் பாடத்தின் முக்கியமான செய்தி இதுதான். கணக்கின் உரிமை கடையிடம் இருக்க வேண்டும், வேலை செய்யும் அனுமதி மட்டும் ஏஜென்சியிடம் இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதலாம். ஆனால் அவர் வேலையை விட்டுப் போகும்போது பேரேட்டையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா?

ஒரு விளம்பரக் கணக்கில் என்னதான் சொத்து இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். எந்தச் சொல்லைத் தேடியவர்கள் நம் விளம்பரத்தைப் பார்த்து வந்தார்கள், எந்தப் பகுதியிலிருந்து ஆர்டர் வந்தது, எந்த நேரத்தில் போன் வந்தது, எந்த விளம்பரம் வீணானது ஆகிய விவரங்கள் அனைத்தும் அதில் பதிந்திருக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகள் பணம் செலவழித்துக் கற்ற பாடம் அது. கணக்கு ஏஜென்சியின் பெயரில் இருந்தால், மனக்கசப்பு வந்து பிரியும்போது அந்தப் பதிவெல்லாம் அவர்களிடமே நின்றுவிடும். மெட்டாவில் ஏஜென்சியின் பிசினஸ் கணக்குக்குள் தொடங்கப்பட்ட விளம்பரக் கணக்கைப் பிறகு நம் பெயருக்கு மாற்றிக்கொள்வது எளிதல்ல. பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டிவரும்.

கூகுள் மேப்பில் நம் கடையின் பெயர், போன் நம்பர், திறக்கும் நேரம், வாடிக்கையாளர் எழுதிய கருத்துகள் ஆகியவை இருக்கும் பிசினஸ் புரொஃபைல் இதைவிட முக்கியமானது. அதில் 'பிரைமரி ஓனர்', 'ஓனர்', 'மேனேஜர்' என்று படிகள் உண்டு. பிரைமரி ஓனராகக் கடை முதலாளியும், மேனேஜராக ஏஜென்சியும் இருப்பதே முறை.

எனவே முதல் வேலையாக, கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் முகவரி தொடங்குங்கள். கடைப் பையனின் சொந்த முகவரியோ, ஏஜென்சி ஊழியரின் முகவரியோ வேண்டாம். ஓ.டி.பி. வரும் போன் நம்பர் முதலாளியுடையதாக இருக்கட்டும். கூகுள் ஆட்ஸில் 'அட்மின்' என்ற முழு உரிமை உங்களிடம் இருக்கட்டும். உங்கள் கடைக் கணக்கெழுத்தர் பார்க்க மட்டும் செய்தால் போதும் என்றால் அதற்கு 'ரீட் ஒன்லி', பில் விவரம் மட்டும் பார்ப்பதற்கு 'பில்லிங்' என்ற படிகளும் உள்ளன. யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்பதைச் 'சேஞ்ச் ஹிஸ்டரி' என்ற பகுதியில் காணலாம்.

பணமும் வரியும்

பத்திரிகை விளம்பரத்தில், அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குப் பத்திரிகையே 15 சதவீதம் கமிஷன் கொடுப்பது வழக்கம். ஆன்லைன் விளம்பரத்தில் ஏஜென்சியின் கூலியைப் பெரும்பாலும் நாமே கொடுக்கிறோம். அது மாதம் இவ்வளவு என்று இருக்கலாம், அல்லது விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்று இருக்கலாம். எதுவானாலும் விளம்பரத்துக்குப் போன பணம் வேறு, ஏஜென்சியின் கூலி வேறு என்று தனித்தனியே தெரிய வேண்டும். 'மொத்தமாக 15,000 கொடுங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பவரிடம், அதில் கூகுளுக்குப் போவது எவ்வளவு என்று கேளுங்கள். கூலி வாங்குவதை மறைக்கக்கூடாது என்றும், செலவு, கிளிக், காட்சி எண்ணிக்கை ஆகியவற்றைக் கடைக்காரருக்குத் தர வேண்டும் என்றும் கூகுளே ஏஜென்சிகளுக்கு விதி வைத்திருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாத விளம்பரச் செலவு ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ரூ.1,800. ஏஜென்சி கூலி 15 சதவீதம் என்றால் ரூ.1,500. அதற்கு ஜி.எஸ்.டி. ரூ.270. ஆக மொத்தம் ரூ.13,570.

வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவில் உள்ளவர் இந்த ரூ.2,070 வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க வழி உண்டு. ஆனால் பில்லில் அவருடைய ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். கணக்கு ஏஜென்சி பெயரில் இருந்தால் கூகுளின் பில் ஏஜென்சிக்கே போகும். அவர்கள் நமக்கு முறையாகத் தனி பில் போடாவிட்டால் அந்த வரவு நமக்கு இல்லை. சில்லறையாக அளந்து விற்கும் அரிசி, பருப்பு போன்ற வரிவிலக்குப் பொருள்களுக்குரிய பங்குக்கும் வரவு கிடையாது என்பதால் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தொகுப்பு வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில், உள்ளவருக்கு உள்ளீட்டு வரவே இல்லை. அவருக்கு ரூ.13,570 முழுவதும் செலவுதான்.

இந்தச் செலவில் 100 புதிய ஆர்டர்கள் வந்தன என்று கொள்வோம். காம்போசிஷன் வியாபாரிக்கு ஓர் ஆர்டருக்கு ஆன விளம்பரச் செலவு ரூ.135.70. சராசரி ஆர்டர் ரூ.1,500, அதில் லாபம் 8 சதவீதம் என்றால் கிடைப்பது ரூ.120. முதல் ஆர்டரில் கையை விட்டுப் போவது ரூ.15.70. அதே வாடிக்கையாளர் அடுத்த மாதமும் வந்தால்தான் லாபம் தொடங்குகிறது. ஆகவே 'எத்தனை கிளிக் வந்தது' என்று ஏஜென்சி சொல்வதோடு நின்றுவிடாமல், 'வந்தவர்களில் மறுபடி வந்தவர் எத்தனை பேர்' என்பதை நம் பில் புத்தகத்தில் நாமே எண்ண வேண்டும்.

முன்பணம் கட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கூகுளில் கட்டும் முன்பணத்திலிருந்தே ஜி.எஸ்.டி. கழிக்கப்படுகிறது. ரூ.10,000 கட்டினால் விளம்பரத்துக்குச் சேர்வது ஏறத்தாழ ரூ.8,474 மட்டுமே. இன்னொன்று, தினசரி பட்ஜெட் ரூ.300 என்று வைத்தால் சில நாள்களில் ரூ.600 வரை செலவாகலாம். ஆனால் மாதக் கணக்கில் 30.4 நாளுக்குரிய ரூ.9,120ஐத் தாண்டாது. ஒரு நாள் செலவைப் பார்த்துவிட்டு ஏஜென்சியோடு சண்டைக்குப் போக வேண்டாம். மாத முடிவில் பாருங்கள்.

மாதம் ஒருமுறை கேட்க வேண்டியவை

நம் கணக்கை ஏஜென்சி அக்கறையோடு பார்க்கிறதா, பத்தோடு பதினொன்றாக விட்டிருக்கிறதா என்பதை மூன்று கேள்விகளால் தெரிந்துகொள்ளலாம்.

முதலாவது, தேடல் சொற்களின் பட்டியல். மொத்தமாகத் துவரம் பருப்பு விற்பவரின் விளம்பரம், பருப்புச் சாம்பார் வைக்கும் முறையைத் தேடுபவருக்குக் காட்டப்பட்டால் அந்தக் கிளிக்குக்குரிய காசு வீண். அத்தகைய சொற்களை விலக்கி வைக்க வசதி உண்டு. மாதம் முழுவதும் ஒரு சொல்கூட விலக்கப்படவில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது, ஊர் எல்லை. பரவை, விளாங்குடி, சமயநல்லூர் வரை மட்டுமே டெலிவரி கொடுக்கும் கடைக்குச் சென்னையிலிருந்து வரும் கிளிக்கால் பயன் இல்லை. கூகுளில் வழக்கமாக உள்ள அமைப்பு, அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர் மீது ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இருப்பு நிலவரம். சரக்குத் தீர்ந்த பொருளுக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. இதில் பாதிப் பொறுப்பு நம்முடையது. விலை மாறினாலும் சரக்குத் தீர்ந்தாலும் அன்றே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரே வீதியில் இரண்டு கடை

ஒரே ஏஜென்சி, ஒரே வீதியில் உள்ள இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு வேலை செய்வதும் உண்டு. அது குற்றமில்லை, ஒரே ஆடிட்டரிடம் நாம் எல்லோரும் போகவில்லையா? ஆனால் அதை மறைக்கக்கூடாது. நம் வாடிக்கையாளர்களின் போன் நம்பர் பட்டியலை விளம்பரத்துக்காகக் கொடுத்தால், அதை மற்றக் கடைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். வாடிக்கையாளரின் சொந்த விவரங்களைப் பாதுகாக்க 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வாடிக்கையாளர் நம்பரைக் கொடுத்தது நம்மை நம்பித்தான்.

நம் பெயரில் என்ன விளம்பரம் ஓடுகிறது என்பதை நாமே சோதிக்கவும் வழி உண்டு. கூகுளின் 'ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்', மெட்டாவின் 'ஆட் லைப்ரரி' இரண்டையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். போட்டிக் கடையின் விளம்பரமும் அங்கே தெரியும்.

பிரியும் நாளுக்கும் ஒரு முறை

தொடங்கும்போதே பிரிவதைப் பேசுவது நம் வழக்கமில்லை. என்றாலும் கூட்டு வியாபாரப் பத்திரத்தில் அதை எழுதத்தானே செய்கிறோம்? விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, மிச்சப் பணம் யாருக்கு, எடுத்த படங்களும் எழுதிய வாசகங்களும் யாருக்குச் சொந்தம் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கணக்கு நம் பெயரில் இருந்தால் பிரிவது எளிது. அட்மின் உரிமை உள்ள நாம் ஏஜென்சியின் இணைப்பை நீக்கினால் போதும். பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடரலாம்.

நினைவில் கொள்ள:

1. கடைக்கென்று தனி ஜிமெயில், முதலாளியின் போன் நம்பர்.
2. 10 இலக்கக் கணக்கு எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.
3. அட்மின் உரிமை நமக்கு, வேலை அனுமதி ஏஜென்சிக்கு. பாஸ்வேர்டு யாருக்கும் வேண்டாம்.
4. பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண். விளம்பரச் செலவும் கூலியும் தனித்தனி.
5. மாதம் ஒருமுறை தேடல் சொல், ஊர் எல்லை, இருப்பு விவரம்.
6. வாடிக்கையாளர் பட்டியல் பிறருக்குப் போகாது என்ற எழுத்து உறுதி.

ஏற்கெனவே ஏஜென்சியிடம் கணக்கை ஒப்படைத்திருப்பவர்கள் இன்றே ஒரு போன் செய்து, 'நம் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, அட்மின் யார்?' என்று கேளுங்கள். நேர்மையாக வேலை செய்யும் ஏஜென்சி உடனே பதில் சொல்லிவிடும், தயங்கினால் காரணத்தை விசாரியுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது பெயரைச் சரிசெய்துகொள்வது சுலபம். தகராறு வந்த பிறகு, ஏடு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் கணக்கு.