மறுப்புக் கடிதத்தை வாசிப்பது எப்படி?

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ நாவல் எழுதும் ஒருவர் பெரிய பதிப்பகங்களை நேரே அணுகுவது அரிது. இடையில் இலக்கிய முகவர் ஒருவர் இருப்பார். பிரதியைப் பதிப்பகத்திடம் கொண்டு சேர்த்து, ஒப்பந்தம் பேசி, எழுத்தாளரின் வருமானத்தில் பொதுவாக 15 சதவீதம் பெறுபவர் அவர். புத்தகம் விலைபோனால்தான் அவருக்கும் வருமானம். ஆகவே, தன்னால் விற்க முடியும் என்று நம்பும் பிரதியை மட்டுமே ஏற்பார். இதை அறிந்தாலே மறுப்பின் பொருள் பாதி விளங்கிவிடும்.

அமெரிக்க எழுத்தாளர் கேத்ரின் ஸ்டொக்கெட்டின் ‘த ஹெல்ப்’ நாவலை 60 முகவர்கள் மறுத்தனர். 61ஆவது முகவர் ஏற்றார். 2009இல் வெளியான அந்நாவல் 2011இல் திரைப்படமுமானது. இதில் பொறுமையை மட்டும் நாம் பார்க்கிறோம். மறுப்புகளுக்கு இடையே அவர் பிரதியைத் திரும்பத் திரும்பத் திருத்தினார் என்பதே எனக்குப் பெரிய பாடம்.

மறுப்புக் கடிதங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் செல்லும் சுற்றுநிருபம் போன்றது. அதில் நம் எழுத்தைப் பற்றி எதுவுமில்லை, துயரப்படவும் எதுவுமில்லை. இரண்டாவது, ஒரு காரணமாவது சொல்வது. தொடர்பில்லாத இரண்டு மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் அதைத் திருத்தத்தான் வேண்டும். மூன்றாவது, “திருத்தி மீண்டும் அனுப்புங்கள்” என்பது. அது பாதி திறந்த கதவு.

எந்தக் கடிதத்துக்கும் வாதாடிப் பதில் எழுதக் கூடாது. ஒரே நேரத்தில் ஐம்பது பேருக்கு அனுப்பாமல் ஐந்தாறு பேருக்கு அனுப்பினால், அடுத்த சுற்றுக்கு முன் திருத்த அவகாசம் கிடைக்கும். வாசிப்பதற்கே பணம் கேட்கும் முகவரிடமிருந்து விலகிவிட வேண்டும்.

நம்மிடையே பெரும்பாலும் முகவர் இல்லை. ஆக்கத்தை இதழாசிரியருக்கு நாமே அனுப்புகிறோம். எனது சிறுகதையொன்று திரும்பி வந்தபோது உம்மா, “சோதனை முடியட்டும் மகள், எழுத்தைப் பிறகு பார்ப்போம்” என்றார். உயர்தரப் பரீட்சை நெருங்கும் வேளையில் அந்தக் கவலை நியாயமானதே. வாப்பாவோ, “காரணம் ஏதும் எழுதியிருக்கிறார்களா?” என்று மட்டும் கேட்டார். ‘முடிவு அவசரமாக உள்ளது’ என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கடிதத்தைக் கிழித்திருப்பேன், கதையையும் மறந்திருப்பேன். இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் அதன் முடிவைத் திருத்துகிறேன்.

பெற்றோரே, உங்கள் மகளுக்கும் ஒருநாள் இப்படியொரு கடிதம் வரலாம். ஆறுதல் சொல்லுங்கள். அதன்பின் அந்தக் கேள்வியையும் கேளுங்கள்.