ஏழு வெற்றி, ஆனா கோப்பை இல்லை! ஒரு சீனியர் கோல்ஃப் சீசனின் கணக்கு

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். ஒருவர் ஒரே வருஷத்தில் 7 போட்டிகளில் ஜெயிக்கிறார். இன்னொருவர் ஒரே ஒரு போட்டியில் ஜெயிக்கிறார். அந்த வருஷத்தின் சாம்பியன் யார்?

"இதுல என்ன சந்தேகம், முதல் ஆள்தான்"னு சொல்வீங்க. 2017-ல் அமெரிக்காவில் நடந்த சீனியர் கோல்ஃப் சீசனில் கோப்பை போனது இரண்டாவது ஆளுக்கு. நடுவர் தப்பு செய்யல, யாரும் ஏமாத்தவும் இல்ல. எல்லாமே விதிப்படிதான் நடந்தது. அது எப்படினு இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கோல்ஃப் தெரியலனாலும் பரவாயில்ல, கூட்டல் தெரிஞ்சா போதும்.

முதல்ல அடிப்படை

50 வயது நிறைந்த தொழில்முறை ஆண் வீரர்களுக்காக 1980-ல் தொடங்கப்பட்ட போட்டித் தொடர் இது. இப்போது இதன் பெயர் பி.ஜி.ஏ. டூர் சாம்பியன்ஸ். கோல்ஃபில் ஒரு சுற்று என்றால் 18 குழிகள். பந்தை எத்தனை அடியில் எல்லாக் குழியிலும் போடுகிறோம் என்பதுதான் ஸ்கோர். குறைவாக அடித்தவர் ஜெயிப்பார். இளைஞர்கள் ஆடும் பி.ஜி.ஏ. டூரில் ஒரு போட்டி பொதுவாக 4 நாள், 72 குழி. சீனியர்களுக்குப் பெரும்பாலும் 3 நாள், 54 குழி. 'மேஜர்' எனப்படும் 5 பெரிய போட்டிகள் இவர்களுக்கும் 4 நாள் நடக்கும்.

சீசன் முழுக்க சேர்க்கும் புள்ளிகளை வைத்துத் தரப்படுவதுதான் சார்லஸ் ஷ்வாப் கோப்பை. 2016-லிருந்து இதற்கு ஒரு பிளேஆஃப் முறை வந்தது. கடைசி 3 போட்டிகள்தான் பிளேஆஃப். முதல் போட்டியில் 72 பேர், அடுத்ததில் 54 பேர், கடைசியில் 36 பேர்.

2017-ல் நடந்தது

ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு அந்த ஆகஸ்டில் 60 வயது ஆனது. நம்ம ஊரில் ரிட்டயர்மென்ட் பங்ஷன் நடக்கும் வயசு! அவரோ அந்த சீசனின் 5 மேஜர்களில் 3 மேஜர்களை ஜெயித்தார். பிளேஆஃபின் முதல் இரண்டு போட்டிகளையும் ஜெயித்தார். மொத்தம் 7 வெற்றி. பரிசுப் பணம் மட்டும் 36 லட்சம் டாலருக்கு மேல். 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பையும் அவரிடம்தான் இருந்தது.

கடைசிப் போட்டி அரிசோனாவில் உள்ள பீனிக்ஸ் நகரில். அங்கே வந்தபோது பட்டியலில் 5-ஆம் இடத்தில் இருந்தவர் கெவின் சதர்லேண்ட், வயது 53. 2014-ல் ஒரே சுற்றில் 59 அடித்து, இந்தத் தொடரில் அந்த ஸ்கோரைத் தொட்ட முதல் வீரர் ஆனவர். ஆனாலும் சீனியர் தொடரில் அதுவரை ஒரு போட்டியில்கூட ஜெயித்ததில்லை. பீனிக்ஸில் அவர் விஜய் சிங்கை ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் முந்தி ஜெயித்தார். அந்த ஒரு வெற்றியோடு வருஷக் கோப்பையும் அவர் கைக்குப் போய்விட்டது.

எப்படி? 'ரீசெட்'!

அந்த சீசனில் கடைசிப் போட்டிக்கு முன்னால் எல்லோருடைய புள்ளிகளையும் மாற்றி எழுதினார்கள். வரிசை அப்படியே இருந்தது, ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. புரிவதற்காக நானே போட்ட ஒரு கற்பனைக் கணக்கு இதோ (உண்மையான புள்ளிகள் அல்ல):

- முதலிடத்தில் இருப்பவர் அ: 7000 புள்ளி. 5-ஆம் இடத்தில் இருப்பவர் ஆ: 3000 புள்ளி. இடைவெளி 4000.
- ரீசெட்டுக்குப் பிறகு அ: 2000, ஆ: 1100. இடைவெளி வெறும் 900.
- கடைசிப் போட்டியில் முதல் பரிசு 2000 புள்ளி, இரண்டாம் பரிசு 1000, பன்னிரண்டாம் இடத்துக்கு 100.

இப்போ ஆ ஜெயிக்கிறார், அ பன்னிரண்டாவதாக வருகிறார்னு வைங்க. ரீசெட் இல்லாவிட்டால் அ 7100, ஆ 5000. ரீசெட் இருந்தால் அ 2100, ஆ 3100. ஆட்டம் ஒன்றுதான், ஆனால் சாம்பியன் வேறு ஆள்!

அ இரண்டாவதாக வந்தால்கூட 3000 தான். ஆ-வின் 3100-ஐ தொட முடியாது. இது தற்செயல் இல்ல, வேணும்னே அமைத்தது. விதியைச் சமன்பாடாக எழுதினால் இப்படி வரும்:

5-ஆம் இடத்தின் புள்ளி + முதல் பரிசு > முதலிடத்தின் புள்ளி + இரண்டாம் பரிசு

அதாவது, முதல் ஐந்து பேரில் யார் கடைசிப் போட்டியை ஜெயித்தாலும், மற்றவர்களைப் பார்க்க வேண்டியதே இல்லை, கோப்பை அவருக்கே என்பதுதான் அப்போதைய விதி. சதர்லேண்ட் நின்றது அந்த ஐந்தாவது இடத்தில்.

இது நியாயமா?

ஏற்பாட்டாளர்கள் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். ஒருவர் ரொம்ப தூரம் முன்னால் போய்விட்டால், கடைசிப் போட்டியை டிவியில் யார் பார்ப்பார்கள்? கடைசி நாள் வரைக்கும் முடிவு தெரியாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களின் தேவை. ஆனால் அந்தச் சுவாரசியத்துக்கு ஒரு விலை உண்டு. மாதக்கணக்கில் சேர்த்த உழைப்பின் எடை மூன்று நாளில் கரைந்து போனது.

2018-ஐயும் பாருங்க. அந்த வருஷம் லாங்கருக்கு 2 வெற்றி மட்டுமே. கடைசிப் போட்டியை ஜெயித்தவர் விஜய் சிங். ஆனால் கோப்பை லாங்கருக்கு! 7 ஜெயித்த வருஷம் கிடைக்காதது, 2 ஜெயித்த வருஷம் கிடைத்தது.

பி.ஜி.ஏ. டூரிலும் இதே தலைவலி இருந்தது. 2018-ல் கடைசிப் போட்டியை ஜெயித்தவர் டைகர் உட்ஸ், சீசன் கோப்பையை வாங்கியவர் ஜஸ்டின் ரோஸ். 2019-ல் முறையை மாற்றி, முதலிடத்தில் இருப்பவர் கடைசிப் போட்டியை 10 அடி சாதகத்தோடு தொடங்கலாம் என்றார்கள். 2025-ல் அதையும் எடுத்துவிட்டு, எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கட்டும் என்றார்கள். எந்தச் சூத்திரமும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை.

நமக்கு என்ன பாடம்?

'சிறந்தவர் யார்' என்ற கேள்விக்கு எண்கள் தானாகப் பதில் சொல்வதில்லை. எதற்கு எவ்வளவு எடை என்று முதலில் ஒருவர் முடிவு செய்கிறார். எண்கள் அந்த முடிவைப் பின்தொடர்கின்றன. சிம்போசியத்தில் ஓவரால் டிராபிக்குப் புள்ளி முறை எழுதும்போதும், புராஜெக்டில் ஒரு ரேங்கிங் அல்காரிதம் எழுதும்போதும் நாம் செய்வது அதே வேலைதான். ஆகவே எடையைப் போட்டி தொடங்கும் முன்பே தீர்மானித்து, எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சதர்லேண்டின் வெற்றியை விதிப்படி யாரும் குறை சொல்ல முடியாது. அந்த விதி சீசன் தொடங்கும்போதே எல்லோர் கையிலும் இருந்தது.

செய்து பாருங்க: மேலே உள்ள கணக்கை எக்செல்லில் போடுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு ஆ-வின் புள்ளியை 1100-லிருந்து 900 ஆக்குங்கள். இப்போ அ இரண்டாவதாக வந்தால் கோப்பை யாருக்கு? பன்னிரண்டாவதாக வந்தால்? லாங்கருக்கும் நியாயமாக, கடைசி நாளும் சுவாரசியமாக இருக்கிற ஒரு எண் உங்களுக்குக் கிடைக்கிறதா?